ஷாட் பீனிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒற்றைப் பட்டையை நம்பிக் கெட்ட கதை

சென்ற மாதம் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஷாட் பீனிங் (ஷாட் எனப்படும் சிறு எஃகு உருண்டைகளை உலோகப் பாகத்தின்மேல் வேகமாக அடிக்கும் முறை) இயந்திரத்தின் முன் நின்றிருந்த இரண்டு இளைஞர்கள், தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறை, அன்று எனக்கிருந்த அதே துணிச்சலோடு செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி அணியாமல் நிற்பது, தரையில் சிந்திய ஷாட்டில் வழுக்கி விழுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டறையில் ஃபட்டீக் என்று சொல்லப்படும் அயர்வு முறிவு, பெரும்பாலும் மேற்பரப்பில், இழுவிசை மிகுந்த இடத்தில் மயிரிழை போன்ற விரிசலாகத் தொடங்குகிறது. எஃகு உருண்டைகள் வேகமாக மோதும்போது மேல்தோல் விரியப் பார்க்கிறது. அடியிலுள்ள உலோகம் அதை விரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், மேல்தோல் அமுக்கத்திலேயே நின்றுவிடுகிறது. விரிசல் வாய் திறக்க விடாமல் தடுப்பது, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே ஆழமுள்ள அந்த அமுக்கப் படலம்தான்.

ஒரே ஒரு பட்டையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

பீனிங்கின் தீவிரத்தை அளக்க ஆல்மன் பட்டையைப் பயன்படுத்துகிறோம். ஏறத்தாழ 76 மி.மீ. நீளமும் 19 மி.மீ. அகலமும் கொண்ட இந்த ஸ்பிரிங் எஃகுப் பட்டையைக் கட்டையில் நான்கு திருகுகளால் இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் ஷாட் படச் செய்து, கழற்றியதும் அது வில்லாக வளைந்திருக்கும் உயரத்தைக் கேஜில் பார்க்க வேண்டும். அந்த இளைஞர்களுக்கு வரைபடம் கேட்ட தீவிரம் 'ஏ' வகைப் பட்டையில் 0.30 முதல் 0.35 மி.மீ. வரை. நாற்பது விநாடி அடித்த பட்டை 0.33 காட்டியதும், "வந்துடுச்சு சார், வேலையை ஏத்திடலாம்" என்றார் ஒருவர்.

வரவில்லை. பட்டை காட்டுகிற உயரம் வேறு, தீவிரம் வேறு. நேரத்தை இரட்டிப்பாக்கினால் உயரம் பத்து விழுக்காடுதான் கூடும் என்ற நிலையை எட்டும்போது பட்டை காட்டும் உயரமே தீவிரம். அந்த நிலையே நிறைவுப் புள்ளி. என் வற்புறுத்தலுக்காக மேலும் பட்டைகளை அடித்துப் பார்த்தார்கள். இருபது விநாடிக்கு 0.24, நாற்பதுக்கு 0.33, எண்பதுக்கு 0.40, நூற்று அறுபதுக்கு 0.43 என்று வந்தது. நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போகையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது. எண்பதிலிருந்து நூற்று அறுபதுக்கு எட்டு விழுக்காடுகூட ஏறவில்லை. ஆகவே நிறைவுப் புள்ளி நாற்பதுக்கும் எண்பதுக்கும் நடுவே, எண்பதை ஒட்டி இருக்கிறது. உண்மையான தீவிரம் 0.39 அளவில், அதாவது மேல் வரம்புக்கு வெளியே. இதைச் சரிசெய்ய நேரத்தைக் குறைப்பதில் பயனில்லை. காற்றழுத்தத்தைக் குறைத்து, நேரத்துக்கு ஏற்ப உயரம் ஏறுவதைக் காட்டும் வளைகோட்டை முதலிலிருந்து வரைய வேண்டும்.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதற்குச் சொல்லப்படும் காரணம்: பட்டை மிச்சமாகிறதாம். ஒருமுறை அடித்து அளந்த பட்டையை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால், ஒரு வளைகோட்டுக்குக் குறைந்தது நான்கு புதுப் பட்டைகள் வேண்டும். நானும் அப்படி மிச்சம் பிடித்தவன்தான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த நாட்களில், ஒரு ஷாஃப்ட் ஆர்டர் முழுவதையும் ஒற்றைப் பட்டையை நம்பி முடித்து அனுப்பினேன். சோதனையில் அவை, பீனிங்கே செய்யாத ஷாஃப்டுகளைவிட அதிகம் தாங்கவில்லை. உடைந்த ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, ஃபில்லெட்டின், அதாவது ஷாஃப்டின் விட்டம் மாறும் மூலை வளைவின், ஓரத்தில் அளவுக்கு மீறிய அடியால் உலோகம் மடிந்து மடிந்து, உதடு பிதுங்கியதுபோல் கிடந்தது. விரிசல் அந்த மடிப்புகள் ஒன்றிலிருந்துதான் கிளம்பியிருந்தது. மொத்த ஆர்டரும் திரும்பி வந்தது. அதற்குப்பின் அந்த வாடிக்கையாளர் எங்கள் பக்கமே வரவில்லை.

இதோடு ஒட்டிய குழப்பம் ஒன்றும் உண்டு. பட்டை நிறைவடைந்த நேரத்தில் பாகமும் முழுவதும் மூடப்பட்டிருக்கும் என்று கருதுகிறார்கள். பட்டையின் கடினம் 44 முதல் 50 எச்.ஆர்.சி. (ராக்வெல் 'சி' கடின அளவு) மட்டுமே. கார்பரைஸ் செய்த (மேல்தோலில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய) 58 எச்.ஆர்.சி. பற்சக்கரத்தில் அதே ஷாட் விட்டுச்செல்லும் குழி சிறியதாக இருப்பதால், மேற்பரப்பு முழுவதும் குழிகளால் மூடப்பட அதிக நேரம் பிடிக்கும். இந்த மூடலை, அதாவது கவரேஜை, பாகத்தின் மேலேயே, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில்தான் பார்க்க வேண்டும்.

ஃபில்லெட்டுக்குப் பெரிய ஷாட்

ஷாட்டின் விட்டம் ஃபில்லெட் ஆரத்தில் பாதியைத் தாண்டினால், மூலையின் அடிப்பகுதியில் உருண்டை சரியாகப் படாது. முறிவு தொடங்குவதோ அங்கேதான்.

உடைந்த ஷாட்

சல்லடையில் சலிப்பது மட்டும் போதாது. அளவில் சரியாக இருந்தும் ஒரு பக்கம் உடைந்த ஷாட், குழி போடுவதற்குப் பதிலாகக் கீறிவிடும். சுருள் பிரிப்பானில் விட்டு உருண்டையானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீனிங்குக்குப் பின் கிரைண்டிங்

செய்யாதீர்கள்.

பீனிங்குக்குப் பின் சூடேற்றுவது

எஃகில் 250 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே அமுக்கத் தகைவு தளரத் தொடங்கிவிடும். வளைந்துபோன ஷாஃப்டை நிமிர்த்துவதற்காக ஒருவர் கேஸ் பர்னரைக் காட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடற்காற்றை மறப்பது

கடலூரிலும் புதுச்சேரியிலும் தொழில் செய்பவர்களுக்கென்று உள்ள தவறு இது. பீனிங் முடிந்த எஃகின் மேல் எண்ணெய்ப் பூச்சு ஏதும் இருக்காது; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் இரவு திறந்து வைத்தாலே செந்துரு படரும். அதைத் துடைக்காமல் விட்டால் ஏற்படும் அரிப்புக் குழி, படலத்தைத் துளைத்துக்கொண்டு விரிசலுக்கு வாசல் வைத்துவிடும். கம்ப்ரஸரின் ஈரம் வடிகட்டப்படாவிட்டால் ஷாட் கட்டிதட்டி நாசிலை அடைக்கும். வேலையின் நடுவே தீவிரம் இறங்குவதைப் பட்டை வைத்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் மழைக்காலத்தில் நான் காலையில் ஒரு பட்டையும் சாப்பாட்டு நேரத்துக்குப் பின் ஒரு பட்டையும் வைத்து, ஏற்கெனவே வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்; முடிந்த பாகங்களை அன்று மாலைக்குள் துருத்தடுப்பு எண்ணெயில் முக்கி எடுத்துவிடுவேன்.