முதல் சம்பளம் வரும் வரை கேஸை மிச்சப்படுத்த

கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு, வாளையார் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, சிறிய 5 கிலோ சிலிண்டரில் சமைப்பவர்கள் மட்டை அரிசியை (கேரளத்துச் சிவப்புப் புழுங்கலரிசி) அடுப்பிலேயே முழுவதும் வேகவிட வேண்டாம். அரை மணி நேரம் ஊறவைத்த அரிசியைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் இறக்கி, பழைய கம்பளியால் அடிப்பாகம் உட்பட இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பருக்கை முழுதாக மலர்ந்திருக்கும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டால் காலை ஆகாரமும் ஆயிற்று.

கொதிநிலைக்கு வந்த பிறகு அடுப்பு செய்வதெல்லாம் வெளியே போகும் சூட்டை ஈடுகட்டுவதுதான். கம்பளி அந்தச் சூட்டை வெளியே விடாது. கேரள வீடுகளில் இதற்கென்றே தெர்மல் குக்கர் வைத்திருக்கிறார்கள். கையில் காசில்லாத மாதத்தில் அதை வாங்கத் தேவையே இல்லை.

ஒருவருக்கு மட்டும் கைப்பிடி அரிசி போட்டால் இது பலிக்காது, சீக்கிரம் ஆறிவிடும். அறைத் தோழர்களுடன் சேர்ந்து பாத்திரம் முக்கால்வாசி நிறையும்படி வையுங்கள். பச்சரிசி குழைந்துவிடும். காலையில் சுற்றி வைத்து ஷிப்ட் முடிந்து மாலையில் திறப்பது கூடவே கூடாது. வெதுவெதுப்பில் கிடந்த சோறு வயிற்றைக் கெடுக்கும்.