கடின நீர்: கருவி வாங்கும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

குழாயில் வெள்ளைப் படிவைக் கண்டதும் பலர் டிடிஎஸ் மீட்டரைத் தேடுகிறார்கள். அது நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே மதிப்பிடும். கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் அவற்றில் எவ்வளவு என்பதைச் சொல்லாது. எனவே சோப்பிலிருந்து தொடங்குவோம்.

முதலில், ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீர் ஊற்றி, சாதாரண சோப்புக்கட்டியிலிருந்து சிறிது சீவிப் போட்டு, மூடிக் குலுக்குங்கள். நுரை நிற்காமல், நீர் கலங்கித் திரிதிரியாக அழுக்குப் போல மிதந்தால் அது கடின நீர். சலவைத் திரவம் இதற்கு உதவாது. அது கடின நீரிலும் நுரைக்கும்.

அடுத்து, அதே நீரை மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்தபின் மேல்நீரை மட்டும் எடுத்து மீண்டும் குலுக்குங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பேன். இப்போது நன்றாக நுரைத்தால், பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை கால்சியம் கார்பனேட்டாக அடியில் படிந்துவிட்டது என்று பொருள். மாற்றமே இல்லையென்றால் சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வரும் நிரந்தரக் கடினத்தன்மை. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

கெட்டிலில் படிந்ததை நீக்க, ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, சூடாக்கி, அரை மணி நேரம் விடுங்கள். படிவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ்களாகக் கிளம்பும். குமிழ் அடங்கியபின்னும் வெள்ளை எஞ்சியிருந்தால் புதிய கரைசலை ஊற்றுங்கள். பிறகு நன்கு அலசுங்கள். ஷவர் தலைக்கு வினிகர் நிரப்பிய பையைக் கட்டி வைத்தால் போதும். பளிங்குத் தரையில் இவை பட்டால் கல் அரிக்கும். பிளீச்சுடன் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

வீடு முழுவதற்கும் தீர்வு தேவையென்றால், ரெசின் எனும் சிறு பிசின் மணிகள் நிரப்பிய மென்னீராக்கிக் கருவி இருவகைக் கடினத்தன்மையையும் நீக்கும். ரெசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை நீரில் விடுவதால், டிடிஎஸ் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கருவி வேலை செய்யவில்லை என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சரிபார்க்க மறுபடியும் சோப்புப் புட்டியையே எடுங்கள். ரெசினை அவ்வப்போது உப்புக்கரைசலால் புதுப்பிக்க வேண்டும். செடிகளுக்கும், உணவில் சோடியத்தைக் குறைக்க வேண்டியவர்கள் குடிப்பதற்கும், மென்னீராக்கி வழியே செல்லாத தனிக் குழாய் ஒன்றை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.