பெயர்ச்சி, தெறிப்பு, சுழற்சி: ஒரு லயக் காம்பராவை வைத்தே கற்கலாம்

வரைபுத்தாள், பென்சில், குண்டூசி, ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பர். இவ்வளவும் இருந்தால் போதும்.

முதலில் லயக் காம்பரா ஒன்றின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஓர் அறையின், தரைப்படத்தை வரையுங்கள். அகலம் 6 கட்டம், ஆழம் 4 கட்டம். இஸ்தோப்புப் (முன் விறாந்தை) பக்கச் சுவர் தாளில் கீழே வரட்டும். அதில் இடப்பக்கம் கதவு, வலப்பக்கம் ஜன்னல். கதவை நடுவில் வைத்துவிடாதீர்கள், அப்புறம் எல்லாம் குழம்பிவிடும். இந்தப் படத்தை ட்ரேசிங் பேப்பரில் பிரதி எடுங்கள்.

பெயர்ச்சி சுலபம். பேப்பரைத் திருப்பாமல் வலப்பக்கம் 6 கட்டம் நகர்த்துங்கள். அடுத்த வீட்டுக் காம்பரா வந்துவிட்டது. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே தூரம் போயிருக்கும்.

இனித்தான் பலரும் தடுமாறும் இடம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்வீட்டை எப்படி வரைவது? இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, தெறிப்பு. பின்சுவரையே கண்ணாடிக் கோடாக வைத்து, பேப்பரை அதன்மேல் புரட்டிப் போடுங்கள். மற்றது, சுழற்சி. பேப்பரைப் பழைய இடத்தில் வைத்து, பின்சுவரின் நடுவில் குண்டூசியைக் குத்தி, அரைச்சுற்று, அதாவது 180 பாகை திருப்புங்கள்.

இரண்டிலும் செவ்வகம் ஒரே இடத்தில்தான் வந்து உட்காரும். கதவைப் பாருங்கள். பின்வீட்டு வாசலுக்கு எதிரே நிற்பவருக்கு, தெறிப்பில் கதவு வலக்கைப் பக்கம். சுழற்சியில் இடக்கைப் பக்கம். வெறும் சதுரத்தையோ இருசமபக்க முக்கோணியையோ வைத்துப் பழகினால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. அதனால்தான் கதவு ஓரத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

சரி, ஆள்கூறுகளில் பார்ப்போம். குண்டூசி குத்திய புள்ளி உற்பத்தி, அதாவது (0, 0); பின்சுவர் கிடை அச்சு. கதவு (-2, -4) இல் இருக்கட்டும். தெறித்தால் (-2, 4): இரண்டாம் எண்ணின் குறி மட்டும் மாறும். 180 பாகை சுழற்றினால் (2, 4): இரண்டின் குறியும் மாறும். தெறித்து வந்த கதவை நிலைக்குத்து அச்சில் இன்னொரு முறை தெறித்துப் பாருங்கள். அதுவும் (2, 4) க்கே வரும். செங்குத்தான இரண்டு அச்சுகளில் அடுத்தடுத்துத் தெறிப்பதும் அரைச்சுற்றும் ஒன்றுதான்.

இடஞ்சுழியாக 90 பாகை என்றால், எண்களை இடம் மாற்றி, புதிதாக முதலில் வந்ததன் குறியை மாற்றுங்கள். (-2, -4) என்பது (4, -2) ஆகும்.

இந்த மூன்றிலும் அளவு மாறாது, உருவங்கள் ஒருங்கிசைவானவை. உருப்பெருக்கம் அப்படியல்ல. எல்லா நீளங்களையும் இரட்டித்தால் பரப்பளவு 24 சதுரக் கட்டத்திலிருந்து 96 ஆகிவிடும். நான்கு காம்பரா அளவு இடம், தாளிலாவது.