பப்பில் தண்ணீருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை

லண்டன் போன்ற நகரங்களின் பழைய பப்களில் (மதுவுடன் உணவும் கிடைக்கும் இடங்களில்) சாப்பிடும்போது, வெறுமனே தண்ணீர் என்று சொல்லாமல் 'டேப் வாட்டர்' (குழாய்த் தண்ணீர்) என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். பாட்டில் தண்ணீரின் செலவு மிச்சமாகும். அங்கேயே அமர்ந்து மது அருந்துவதற்கு உரிமம் பெற்ற இடங்கள், கேட்கும் வாடிக்கையாளருக்குக் குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் கட்டாய நிபந்தனையாக உள்ளது; ஸ்காட்லாந்துச் சட்டமும் இதையே கூறுகிறது. மது குடிப்பவர்கள் இடையிடையே தண்ணீர் அருந்துவது மிகவும் நல்லது. ஆகவே கேட்பதற்குச் சற்றும் தயங்க வேண்டாம்.

பெரும்பாலான பப்களில் மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பதில்லை. நாமே மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு பார் கவுண்டருக்குச் சென்று, உணவையும் பானத்தையும் சொல்லிப் பணம் கட்ட வேண்டும் என்பதால், அப்போதே தண்ணீரையும் கேட்டுவிட்டால் கூட்ட நேரத்தில் மறுபடி காத்திருக்க நேராது.

பாட்டில் தண்ணீர், சோடா, தண்ணீரில் கலந்து தரும் எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்கு இந்த இலவச நிபந்தனை பொருந்தாது. மது உரிமம் இல்லாத கஃபேக்களையும் இந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது.