கிஞ்செம் குதிரையின் பந்தய வாழ்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹங்கேரியில் 1874 மார்ச் 17 அன்று பிறந்த கிஞ்செம் என்ற பெண் குதிரை, 1876 முதல் 1879 வரை நான்கு பருவங்களில் 54 பந்தயங்களில் ஓடி, 54 பந்தயங்களிலும் வென்றது. பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளின் வரலாற்றில் ஒரு தோல்வியும் இல்லாமல் இத்தனை வெற்றிகளோடு ஓய்வுபெற்ற குதிரை வேறில்லை. ஆனால் அதைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த எண்ணைச் சொன்னதுமே எல்லாம் சொல்லியாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கிருந்துதான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

முதல் பிழை, கிஞ்செமை 'உலகிலேயே நீண்ட தொடர் வெற்றி கண்ட குதிரை' என்று எழுதுவது. புவேர்ட்டோ ரிக்கோவின் கமரேரோ என்ற குதிரை 1953க்கும் 1955க்கும் இடையில் தொடர்ந்து 56 பந்தயங்களில் வென்றது. கமரேரோவின் மொத்தக் கணக்கில் தோல்விகளும் உண்டு என்பதால், தொடர் வெற்றிச் சாதனை அதற்கும், தோல்வியே காணாத பந்தய வாழ்வுக்கான சாதனை கிஞ்செமுக்கும் உரியவை. இரண்டையும் கலந்து ஒரே வரியில் எழுதினால் இரு குதிரைகளுக்கும் அநியாயம் நேர்கிறது.

அடுத்தது, ஐம்பத்து நான்கு வெற்றிகளையும் ஒரே எடைக்கல்லால் நிறுப்பது. அவற்றுள் சில, எதிர்த்து ஓட வேறு குதிரையே வராததால் தனியாக ஓடி முடித்துப் பெற்ற 'வாக்கோவர்' வெற்றிகள். அந்தக் காலத்தில் புகழ்பெற்ற குதிரைகளுக்கு இது அடிக்கடி நேர்ந்தது. எதிரிகளின் உரிமையாளர்கள் தோற்பது உறுதி என்று கருதி விலகிவிடுவதால், வாக்கோவரும் ஒருவகையில் அந்தக் குதிரையின் மதிப்புக்குச் சான்றுதான். ஆயினும் அதை ஜெர்மனியின் பாடன்-பாடனில் நடக்கும் 'பாடன் பெரும் பரிசு' பந்தயத்தின் 1878ஆம் ஆண்டு வெற்றியோடு ஒன்றாக வைத்து எண்ணக்கூடாது. அந்தப் பந்தயத்தில் கிஞ்செமும் பிரின்ஸ் கைல்ஸ் என்ற குதிரையும் ஒரே சமயத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டன. அக்கால வழக்கப்படி இரண்டும் மறுபடி ஓடி முடிவு காண வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் ஓட்டத்தில் கிஞ்செம் வென்றது. 'எந்த எதிரியும் அதன் அருகில்கூட வரவில்லை' என்று எழுதுவோருக்கும், 'ஒருமுறை வெல்லத் தவறியது' என்று எழுதுவோருக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியே போதுமான பதில். அந்தப் பரிசை அது 1877, 1878, 1879 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'உள்ளூர்ச் சிறு களங்களில் ஓடிச் சேர்த்த கணக்கு' என்று ஒதுக்குவது இதற்கு நேர் எதிரான பிழை. என் கணிப்பில், இதுவே அதிகத் தீங்கு செய்வது. இரண்டு வயதுப் பருவத்தில் கிஞ்செம் வென்ற பத்துப் பந்தயங்களும் பத்து வெவ்வேறு களங்களில் நடந்தவை: பெர்லின், ஹனோவர், ஹாம்பர்க், டோபெரான், பிராங்க்பர்ட், பாடன்-பாடன், சோப்ரோன், புடாபெஸ்ட், வியன்னா, பிராக். ரயில் பெட்டியில் நாள்கணக்கில் பயணம் செய்த குதிரை, இறங்கிய ஊரின் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் பழகும் முன்பே ஓட வேண்டியிருந்த காலம் அது. 1878 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் குட்வுட் கோப்பையை வென்றது. அதே மாதத்தில் பிரான்சின் டோவில் நகரில் வென்றது. செப்டம்பர் தொடக்கத்தில் மேலே சொன்ன பாடன் பந்தயத்தில் ஓடியது. குட்வுட்டில் மொத்தம் மூன்றே குதிரைகள் ஓடின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தோற்ற இரண்டில் ஒன்றான பேஜன்ட், செஸ்டர் கோப்பையை வென்ற குதிரை. தூரமும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஏறத்தாழ 1,000 மீட்டர் குறும் ஓட்டம் முதல் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட நெடும் ஓட்டம் வரை அது ஓடியது. இன்று குறுந்தூரக் குதிரை, நெடுந்தூரக் குதிரை என்று பிரித்தே பயிற்சி தருகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இடங்களை இன்றைய வரைபடத்தை வைத்துப் படிப்பதும் குழப்பம் தரும். வியன்னாவும் பிராகும் புடாபெஸ்ட்டும் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிய இரட்டை முடியாட்சிக்குள் இருந்தன. கிஞ்செம் ஓடிய போஜோனி இன்று சுலோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா. ஆகவே 'ஐந்தாறு நாடுகளில் வென்றது' என்பது போன்ற கணக்குகளை எழுதும்போது எந்தக் காலத்து எல்லைக்கோடு என்று தெளிவாக்குவது நல்லது.

வயதுக் கணக்கு சிறிய விஷயம்தான், ஆனாலும் தவறுகிறது. ஐரோப்பியப் பந்தயக் கணக்கில் ஜனவரி 1 அன்று எல்லாக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூடுகிறது. எனவே 1879ஆம் ஆண்டு முழுவதும் அது ஐந்து வயதுக் குதிரை. உண்மையான பிறந்த நாளோ மார்ச் 17. பதின்மூன்றாண்டுகள் கழித்து 1887இல் அது இறந்ததும் அதே தேதியில்தான்.

ஒரு பூனையைப் பிரிந்து பயணம் செய்ய மறுத்தது, தன் பராமரிப்பாளர் உடன் இல்லாமல் தூங்காது என்பன போன்ற கதைகள் ஏராளம். அவற்றைச் சொல்லலாம், சுவையானவையே. ஆனால் பந்தய முடிவுகள் அன்றே அச்சில் பதிவானவை. லாயக் கதைகள் வாய்வழியாக வளர்ந்தவை. இரண்டையும் ஒரே உறுதியோடு எழுதுவது சரியல்ல.

'ஹங்கேரிய இனக் குதிரை' என்பதும் தவறு. தந்தை காம்பஸ்கன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிக்குதிரை, தாய் வாட்டர்நிம்ப். பிறந்த நாடு ஹங்கேரி, உரிமையாளர் எர்னோ பிளாஸ்கோவிச் ஹங்கேரியர், பயிற்சியாளர் ராபர்ட் ஹெஸ்ப் ஆங்கிலேயர், இனம் தரோபிரெட். கிஞ்செம் பிறந்த கிஷ்பேர் பண்ணையின் பெயரையே தாங்கிய கிஷ்பேர் என்ற ஆண் குதிரை 1876இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பந்தயமான எப்சம் டெர்பியை வென்றது. அந்த டெர்பி வெற்றியைக் கிஞ்செமின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கிஞ்செம் வென்றது 1877ஆம் ஆண்டின் ஆஸ்திரிய டெர்பி. 1885இல் ஜெர்மன் டெர்பியை வென்றதோ அதன் மகள் புடாகியோங்யே.