லடாக் குளிரில் கேமரா: புகாரி பக்கம் போகாதீர்கள்

போன குளிர்காலத்தில் ஒரு பாட்டு எடுக்க லே போயிருந்தோம். பேக்கப் ஆனதும் புதிதாகச் சேர்ந்திருந்த அசிஸ்டன்ட் தம்பி, கேமராவைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு விடுதிக்குள் ஓடினான். நேரே புகாரி பக்கத்தில் வைத்தான். புகாரி என்றால் அங்கே அறையைச் சூடாக்கும் தகர அடுப்பு. அதன் மேல் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "ஐஸா இருக்குண்ணே, கொஞ்சம் சூடாகட்டும்" என்றான். நான் எழுந்து போவதற்குள் லென்ஸ் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது.

திட்ட வாய் வரவில்லை. நானும் அதைச் செய்தவன்தான்.

ஸ்வெட்டர், கையுறை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதை வீட்டில் அம்மாவே சொல்லி அனுப்புவார்.

இறங்கிய அன்றே ஷூட்டிங்

வேண்டாம். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போனால் உடம்பு பழக அவகாசமே கிடையாது. இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்கள். மேனேஜர் பேட்டா கணக்குப் பார்த்து முறைப்பார், முறைக்கட்டும்.

குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோவது

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வைத்ததும் வியர்க்கிறதே, அதே கதைதான். அறைக்குள் இருப்பது ஆட்கள் விட்ட மூச்சும் கெட்டில் ஆவியும் கலந்த ஈரக்காற்று. குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நீராகப் படிகிறது. வெளிக் கண்ணாடியில் மட்டும் என்றால் துடைத்துவிடலாம். லென்ஸுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே படிந்ததை எந்தத் துணியால் துடைப்பது?

பதினொரு வருஷத்துக்கு முன்னால், பாங்காங் ஏரிக்கரை. 4,200 மீட்டருக்கு மேல். சாப்பாட்டு இடைவேளையில் வாடகை ஜூம் லென்ஸோடு கேமராவை டென்டுக்குள் கொண்டுபோனேன். லென்ஸை ஈரம் மூடியது. பதறிப்போய் துடைத்துவிட்டு, அப்படியே திரும்ப வெளியே எடுத்து வந்தேன். அதுதான் இரண்டாவது தப்பு. உள்ளே இருந்த ஈரம் உறைந்துவிட்டது. மானிட்டரில் ஹீரோ முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. கேமராமேன் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆப்பிள் பாக்ஸ் என்கிற மரப்பெட்டியில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது, அன்றைய கால்ஷீட் போயிற்று. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்த செலவு தனி.

தடுக்கத் தேவைப்படுவது கெட்டியான ஒரு பிளாஸ்டிக் கவர், அவ்வளவுதான். வெளியே குளிரில் நிற்கும்போதே கேமராவை அதில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை இறுகக் கட்டிவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். ஈரம் கவரின் மேல் படியும், கேமராவில் படியாது. இரண்டு மூன்று மணி நேரம் தொடக்கூடாது.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கவர் கட்டி அரை மணி ஆவதற்குள் டேட்டா பார்க்கிறவர் "கார்டு எங்கே?" என்று வந்து நிற்பார். உடனே பிரிப்பார்கள். ஆகவே கார்டையும் பேட்டரியையும் கட்டுவதற்கு முன்பே, வெளியிலேயே உருவிவிடுங்கள். மதிய இடைவேளை என்றால் கேமராவை வண்டியிலேயே விட்டுவிடலாம். குளிர்ந்தே கிடக்கட்டும்.

பேட்டரி

குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜில் போட்டால் கெட்டுப்போகும்.

காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றுவது

வண்டிக்குள். ஹீட்டரை அணைத்துவிட்டு.

"நம்ம ஊர்ல குளிரே இல்லையே"

ராமேஸ்வரத்தில் இரவு முழுக்க ஏசி அறையில் கேமராவை வைத்திருந்து, விடிகாலையில் கடற்கரைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். அதே பால். சூரியன் மேலே ஏறிய பிறகுதான் கண்ணாடி தெளியும். அந்தத் தம்பி இந்த மாதம் அதையும் செய்து முடித்துவிட்டான்.