தொலைந்த பிக்சல்களை டிஃப்யூஷன் மாடல் கொண்டு மீட்பது எப்படி? முதன்முறை செய்வோருக்கு

ஒரு முகப் படத்தில் பத்துக்கு ஏழு பிக்சல்கள் காணோம். மிச்சம் உள்ள மூன்றிலும் இரைச்சல் கலந்திருக்கிறது. இதிலிருந்து முழு முகத்தையும் எடுக்க வேண்டும். தெரியாதவை அதிகம், சமன்பாடுகள் குறைவு என்பதால் வெறும் கணக்கை வைத்து இதற்கு ஒரே விடை கிடைக்காது. இருக்கிற பிக்சல்களோடு ஒத்துப்போகும் படங்கள் எண்ணற்றவை. அவற்றில் பெரும்பாலானவை முகமே அல்ல. முகம் என்றால் எப்படி இருக்கும் என்ற அறிவு வெளியிலிருந்து வர வேண்டும். லட்சணமான முகங்களை வெறும் இரைச்சலிலிருந்து வரைந்து தள்ளும் டிஃப்யூஷன் மாடலிடம் அந்த அறிவு இருக்கிறது. அதைக் கடன் வாங்குவதுதான் நம் வேலை.

பின்பற்றப்போவது டிபிஎஸ், அதாவது டிஃப்யூஷன் போஸ்டீரியர் சாம்ப்ளிங் என்ற முறை. ஹியுங்ஜின் சுங்கும் உடன் ஆய்வாளர்களும் 2022-ல் முன்வைத்தது. மாடலுக்குப் புதிதாக எந்தப் பயிற்சியும் தர வேண்டாம் என்பது இதன் பெரிய சௌகரியம். பைத்தானும் பைடார்ச்சும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு போதும். நிரலை அப்படியே ஒட்டித் தரவில்லை. ஒவ்வொரு வரியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். நகலெடுத்து ஓட்டினால் படம் வரும், ஆனால் தப்பாக வரும்போது எங்கே கைவைப்பது என்று தெரியாது.

படி 1: மாடலை இறக்குங்கள்

மாடல்கள் பகிரப்படும் தளமான ஹக்கிங் ஃபேஸின் டிஃப்யூசர்ஸ் நூலகத்தை நிறுவி, கூகுள் பெயரில் அங்கே இருக்கும் டிடிபிஎம் செலிபாஏ ஹெச்கியூ 256 மாடலை எடுங்கள். சுமார் 11 கோடி எடைகள் கொண்டது. 256 × 256 அளவில் முகம் வரையும். அதில் இரண்டு பாகங்கள் தேவை: இரைச்சலைக் கணிக்கும் யூநெட், 1000 படிகளின் கணக்கை வைத்திருக்கும் ஷெட்யூலர். தயாராக உள்ள பைப்லைனை அழைத்துவிடாதீர்கள். அது கிரேடியன்ட்டை, அதாவது படத்தை எந்தத் திசையில் மாற்றினால் விடை எப்படி மாறும் என்ற கணக்கை, அணைத்துவிட்டு ஓடும். நமக்கு வேண்டியதே கிரேடியன்ட்தான். யூநெட்டின் எடைகளை மட்டும் உறையவைத்துவிடுங்கள், நினைவகம் மிச்சமாகும்.

படி 2: அளவீட்டைத் தயாரியுங்கள்

அளவீடு = கருவி(படம்) + இரைச்சல்

இங்கே கருவி என்பது ஒரு மாஸ்க். 256 × 256 கட்டத்தில் 30 சதவீத இடங்களில் 1, மற்றவற்றில் 0. மூன்று வண்ண அடுக்குகளுக்கும் ஒரே மாஸ்க்தான். படத்தின் மதிப்புகளை −1 முதல் +1 வரைக்குள் கொண்டுவந்து, மாஸ்க்கால் பெருக்கி, தப்பிய பிக்சல்களில் மட்டும் திட்டவிலக்கம் 0.05 உள்ள காஸியன் இரைச்சலைச் சேருங்கள். திரையில் போட்டுப் பாருங்கள்: தொலைந்த இடங்கள் சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். கறுப்பாகத் தெரிந்தால் மதிப்புகளின் வீச்சு தவறு.

சோதனைப் படத்தை செலிபாஏ ஹெச்கியூ தொகுப்பிலிருந்து எடுக்காதீர்கள். மாடல் படித்ததே அந்த 30,000 படங்களைத்தான். படித்த பாடத்திலேயே பரீட்சை வைத்தால் எல்லாம் அருமையாகத்தான் வரும். உங்கள் படத்தையே எடுத்து, முகம் நடுவில் வரும்படி சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: லூப்

உயிர்நாடி இதுதான். முழு இரைச்சலில் தொடங்கி, 999-லிருந்து 0 வரை ஒவ்வொரு படியாக இறங்குகிறோம். ஒவ்வொரு படியிலும் யூநெட்டிடம் இப்போதைய படத்தைக் கொடுத்து, இதில் இரைச்சல் எது என்று கேட்க வேண்டும். அந்த விடையை வைத்து, இரைச்சல் எல்லாம் போனால் படம் எப்படி இருக்கும் என்பதை இப்போதே ஊகிக்கலாம்:

ஊகப் படம் = (இப்போதைய படம் − √(1 − ஆல்ஃபா) × கணித்த இரைச்சல்) ÷ √ஆல்ஃபா

ஆல்ஃபா என்பது ஷெட்யூலரில் அந்தப் படி வரைக்குமான தொடர்பெருக்கல் மதிப்பு. தொடக்கப் படிகளில் ஊகப் படம் யாருடையது என்று சொல்ல முடியாத மங்கலான முகமாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

அடுத்து, ஊகப் படத்தை நம் மாஸ்க்கால் பெருக்கி, அளவீட்டிலிருந்து கழியுங்கள். கிடைக்கும் வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஒரே எண் வரும். அதைப் பிழை என்போம். ஊகப் படத்தைப் பொறுத்து அல்ல, இப்போதைய இரைச்சல் படத்தைப் பொறுத்துப் பிழையின் கிரேடியன்ட்டை எடுக்க வேண்டும். ஆக, கணக்கு யூநெட்டுக்குள் புகுந்து பின்னோக்கி வரும். ஷெட்யூலர் வழக்கம்போல் தரும் அடுத்த படத்திலிருந்து இந்தக் கிரேடியன்ட்டை 0.5-ஆல் பெருக்கிக் கழித்துவிட்டால் ஒரு படி முடிந்தது.

இடறும் இடங்கள் சில உண்டு. ஒவ்வொரு படி முடிந்ததும் படத்தை டிடாச் செய்து, அடுத்த படிக்கு மறுபடி கிரேடியன்ட்டை இயக்க வேண்டும். மறந்தால் முந்தைய படிகள் எல்லாம் நினைவகத்தில் குவிந்து, சீக்கிரமே ஓட்டம் நின்றுவிடும். ஷெட்யூலரே ஓர் ஊகப் படத்தைத் தரும். ஆனால் அது −1, +1 எல்லைகளில் வெட்டப்பட்டது; வெட்டுப்பட்ட பிக்சல்களில் கிரேடியன்ட் பூஜ்யம். அதனால்தான் சூத்திரத்தை நீங்களே எழுதச் சொல்கிறேன். 0.5 என்பதும் வேதவாக்கல்ல. குறைத்தால் அழகான முகம் வரும், ஆனால் வேறு யாரோ. ரொம்பக் கூட்டினால் படம் பொரிப்பொரியாகி நிறங்கள் வெடிக்கும்.

முழு ஓட்டமும் முடியச் சில நிமிடங்கள் ஆகும்.

படி 4: படத்தைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள்

கூர்மையான படத்தைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். இந்த மாடல் எதைக் கொடுத்தாலும் கூர்மையாகத்தான் தரும். அது திறமைக்குச் சான்றே அல்ல. கடைசிப் பிழை எவ்வளவு என்று பாருங்கள். நம்மிடம் சுமார் 19,660 பிக்சல்கள், மூன்று வண்ணங்களுக்கு ஏறத்தாழ 59,000 எண்கள். ஒவ்வொன்றிலும் 0.05 அளவு இரைச்சல். ஆகவே உண்மையான படத்தையே வைத்தாலும் பிழை 0.05 × √59,000, அதாவது 12-ஐ ஒட்டி இருக்கும். உங்களுக்கு 30 வந்தால் படம் அளவீட்டோடு பொருந்தவில்லை. 5 வந்தால் இன்னும் மோசம்: இரைச்சலையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. இந்தச் சோதனைக்கு மூலப்படம் தேவையில்லை. நிஜ வேலையில் மூலப்படம் கையில் இருக்காது என்பதால், மூலப்படத்தோடு ஒப்பிட்டுத் தரத்தை அளக்கும் பிஎஸ்என்ஆர் மதிப்பைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

படி 5: சீடு மாற்றி மறுபடி ஓட்டுங்கள்

தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீடு எண்ணை மாற்றி எட்டுப் பத்து முறை ஓட்டி, ஒவ்வொரு பிக்சலிலும் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டுப் படமாகப் போடுங்கள். வெளிச்சமாகத் தெரியும் இடங்களில் மாடல் தன் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறது. சிதறிய மாஸ்க்கில் இது முடியிழை, இமை போன்ற நுணுக்கங்களோடு நிற்கும். இப்போது மாஸ்க்கை மாற்றி, நடுவில் 128 × 128 சதுரத்தை முழுதாக மறைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு கண், வேறு மூக்கு. மிஞ்சிய பிக்சல்களுக்கு ஏற்ப இலக்கைத் திரும்பக் கணக்கிட்டால், பிழை எண் எல்லாவற்றிலும் சரியாகவே இருக்கும்! மறைந்த பகுதியைப் பற்றி அளவீடு எதுவுமே சொல்லவில்லையே.

2020-ல் டியூக் பல்கலைக்கழகத்தினரின் பல்ஸ் என்ற கருவி ஒபாமாவின் கட்டம் கட்டமான சிறிய படத்தை வெள்ளையர் ஒருவரின் முகமாக்கியது பெரிய விவாதமானது. அது டிஃப்யூஷன் அல்ல, ஜிஏஎன் என்ற வேறு வகைப் படம் வரையும் மாடல். ஆனாலும் சிக்கல் இதேதான். தகவல் இல்லாத இடத்தை மாடல் படித்த முகங்களே நிரப்பும். நம் மாடலும் பிரபலங்களின் படங்களைப் படித்ததுதான். இப்படி மீட்ட முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பத்துப் படங்களையும் சராசரி எடுத்தால் மூலத்துக்குச் சராசரியாக இன்னும் நெருங்குவீர்கள், ஆனால் மங்கும். அளப்பதற்கு மங்கலான சராசரி, காட்டுவதற்குக் கூர்மையான ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 6: கருவியை மாற்றுங்கள்

லூப்பில் கைவைக்க வேண்டியதில்லை. மாஸ்க் இருந்த இடத்தில் வேறு செயலியை, அதாவது படத்தை அளவீடாக மாற்றும் வேறு கணக்கை வையுங்கள், அவ்வளவுதான். மங்கலை நீக்க, படத்தை மங்கலாக்கும் கான்வல்யூஷன். தெளிவு கூட்ட நான்குக்கு நான்கு பிக்சல்களின் சராசரி. எம்ஆர்ஐ என்றால் ஃபூரியே மாற்றம் எடுத்து, அதிர்வெண் வெளியில் மாஸ்க். முகம் படித்த மாடலை அங்கே பயன்படுத்தக் கூடாது, எம்ஆர்ஐ படங்களில் பயிற்சி பெற்றது வேண்டும். 0.5-ஐயும், 12 என்ற இலக்கையும் ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கணக்கிடுங்கள்.

ஒரே நிபந்தனை, அந்தச் செயலி வழியாகக் கிரேடியன்ட் பாய வேண்டும். ஜேபெக் சுருக்கத்தை மீட்கலாம் என்று இறங்கினால் இங்கே முட்டும்: அதில் உள்ள முழுஎண்ணாக்கலின் கிரேடியன்ட் அநேகமாக எங்கும் பூஜ்யம். அந்த ஒரு வரிக்கு மட்டும், பின்னோக்கி வரும்போது அப்படியே கடத்திவிடும் ஒரு மாற்றுச் செயலியை எழுதிக்கொள்ளுங்கள்.